பதினேழாவது பாட்டைப் பாடியவர்

சரண்யா, லோகேஷ், திருப்பதியில் இருபத்திரண்டு வருடமாக நான் ஆராய்ச்சி மாணவர்களுக்குத் தீசிஸ் டைப் செய்து பைண்டிங் போட்டுத் தருவது உங்களுக்குத் தெரியும். அதில் நான் வேண்டுமென்றே செய்த தப்பு ஒன்று தெரியாது.

கல்யாணப் பாட்டுகளை ஆராய்ச்சி செய்த கல்பனாவை நகரியில் நம் வீட்டுக்கு அழைத்து வந்தது நான்தான். உங்கள் அம்மா நலுங்குப் பாட்டு பாடினாள். கல்பனா போனில் பதிவு செய்தாள். அவள் போனதும் உங்கள் அம்மா என்னைச் சீண்டினாள்.

“இன்னாங்க, என் பேரு பொஸ்தகத்துல வருதாம். நீங்கதான் அடிக்கணுமாமே? தப்பில்லாம அடிங்க!”

தீசிஸின் கடைசியில் பாட்டுகளின் பட்டியல் வரும். ஒவ்வொன்றுக்கும் பாடியவர், ஊர், பதிவு செய்த தேதி. பதினேழாவது உங்கள் அம்மாவுடையது: அமுதா, நகரி.

ஐந்தாவது வரை படித்தவள். இத்தனை தீசிஸ் அடித்த என் பெயர் ஒன்றில்கூட இல்லை. நன்றிப் பக்கத்திலும் கடைப் பெயர்தான். ஒரே ஒரு பாட்டைப் பாடிவிட்டு இவள் யுனிவர்சிட்டி லைப்ரரியில் போய் உட்காரப் போகிறாள். பெயரை அழித்துவிட்டு, ‘பாடியவர் பெயர் தெரியவில்லை’ என்று அடித்தேன்.

ப்ரூஃப் பார்த்த கல்பனா கவனிக்கவில்லை. அவளுடைய கைடு கவனித்துவிட்டார். மறுநாள் சிவப்பு மையில் சுழித்த பக்கத்தோடு ஓடிவந்தாள்.

“அண்ணா, மேடம் திட்டினுகீறாங்க. நேர்ல போயி ரெக்கார்ட் பண்ணவளுக்கு பாடினவங்க பேரு தெரியலன்னா எப்படி, உக்காந்த எடத்துலயே நீயே பாட்ட கட்டிட்டியான்னு கேக்கறாங்க. பதினேழையே தூக்கிடச் சொல்லிட்டாங்க.”

“நீ எழுதினது சரிதாம்மா. நான்தான் மாத்திட்டேன்.”

“ஏண்ணா?”

“பொறாம.”

“அண்ணி மேலயா?” சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பு நின்றது. “என் டிகிரியே போயிருக்கும்ணா.”

அவளோடு போய் மேடத்திடம் நானே சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. “பாடினவங்க பேரு, ஊரு, தேதி. இது மூணும் இல்லன்னா அந்தப் பாட்ட நாங்க நம்ப முடியாதுங்க,” என்றார். பதினேழைப் பெயரோடு வைத்துக்கொள்ளச் சம்மதித்தார். யார் வேலையையும் அவர்கள் பெயரோடு எழுதுங்கள், பிள்ளைகளே. பிடிக்காதபோதும் எழுதுங்கள்.

மதியம் கடையில் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். அமுதா என்று அடித்து, எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தேன். கல்பனாவின் பென்டிரைவில் அந்தப் பதிவு இருந்தது. இயர்போனை மாட்டினேன். பாட்டின் நடுவே, “டீ ஆறுது, சீக்கிரம் முடி” என்று என் குரல். உங்கள் அம்மா நிறுத்தாமல் பாடிக்கொண்டிருந்தாள். அன்றுதான் அந்தப் பாட்டைக் கடைசிவரை கேட்டேன்.