நான் போட்ட கால அட்டவணை

எண்பதுகளின் தொடக்கத்தில் ஆரணியில் ஒரு தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்தேன். இனி வகுப்புக்கு ஓர் ஆசிரியர் வேண்டாம், பாடத்துக்கு ஒருவர் என்று வைக்கலாம் என்றார் தலைமை ஆசிரியர். அட்டவணை போடும் வேலை என் தலையில் விழுந்தது.

தமிழ் டீச்சர் போளூரிலிருந்து பஸ்ஸில் வருபவர். முதல் பீரியடு வேண்டாம் என்றார். மத்தியானம் பிள்ளைகள் தூங்கி விழுவதாக அறிவியல் சார் மறுத்தார். நான்கு முறை திருத்தினேன்.

முதல் நாளே என் கணக்குப் பாடம் பத்து நிமிடம் நீண்டுவிட்டது. தமிழ் டீச்சர் வாசலில் நின்றார்.

"எவ்ளோ நேரம் சார் நின்னுகினு இருக்கறது? ஜல்தி முடிங்க."

பிள்ளைகள் சிரித்தார்கள்.

இரண்டாவது வாரம் தலைமை ஆசிரியர் கூப்பிட்டார். "தெனம் யாராவது ஒருத்தர் வாசல்ல நின்னு சண்ட போடறாங்க, ஒரே பேஜார் சார். பழையபடி அவங்கவங்க கிளாஸ அவங்கவங்களே பாத்துக்குங்க."

சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையை நானே கிழித்தெடுத்தேன். அன்று யாரோடும் பேசப் பிடிக்கவில்லை.