புலிப் படத்துக்குப் பின்னால் இருந்தவன்

செல்வத்தின் வேலை போனதற்கு நான்தான் காரணம். பிள்ளைகளே, நல்ல வேலை கிடைத்து ஊருக்குப் போய்விட்டான் என்று உங்களிடம் நான் சொன்னது பொய்!

நினைவிருக்கிறதா? மராத்தி ஊரான சிஞ்ச்வட்டில் நம் பக்கத்து அறையில் இருந்தவன். ஞாயிற்றுக்கிழமைகளில் உங்களைச் சைக்கிளில் வைத்துக் கூட்டிப்போய் வடாபாவ் வாங்கித் தந்த செல்வம் மாமா. நாங்கள் இருவரும் ஒரே தொழிற்சாலையில் கான்ட்ராக்ட் ஆட்கள். பல வருடம் உழைத்தும் எங்களை நிரந்தரமாக்கவில்லை. சேர்ந்து கேட்போம் என்று ஆரம்பித்தவன் நான்.

அறை அறையாகப் போய்ப் பேசியிருக்க வேண்டும். நான் போகவில்லை... அப்போதுதான் இணையத்தில் நண்பர்களைச் சேர்க்கும் தளங்கள் வந்திருந்தன. பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து ஒரு குழு தொடங்கினேன். எங்கள் பிரிவில் முக்கால்வாசி தமிழ்ப் பையன்கள். தமிழை ஆங்கில எழுத்தில் அடித்தோம். ஆபீஸில் யாருக்குப் புரியப்போகிறது என்ற தைரியம்!

சொந்தப் பெயரும் போட்டோவும் போடுங்கள், அப்போதுதான் நம்பிக்கை வரும் என்று எழுதினேன். எழுதிய நான் என்ன செய்தேன்? வேறொரு பெயர், ஒரு புலிப் படம்.

செல்வம் தன் கல்யாணப் போட்டோவையே போட்டான். "நாங்க எல்லாரும் மூஞ்சியக் காட்டிட்டோம். நீங்க மட்டும் ஏண்ணே காட்டுக்குள்ள இருக்கீங்க?" என்று கேலி செய்தான்.

"எனக்குப் பிள்ளைகுட்டி இருக்குடா" என்றேன்.

அவனுக்கு அந்த மாதம்தான் குழந்தை பிறந்திருந்தது... எப்படிச் சொல்ல வாய் வந்தது எனக்கு?

திங்கட்கிழமை காலை கேட் முன்னால் உட்காருவது என்று குழுவில் முடிவானது. வருகிறேன், நானும் வருகிறேன் என்று பதில்கள் விழுந்துகொண்டே இருந்தன. கூட்டமே சேர்ந்துவிட்டதாக நம்பினேன். என்ன மடத்தனம்!

வந்தவர்கள் செல்வமும் இன்னும் மூன்று பேரும்தான். நான் எதிர்ப்பக்கம், பஸ் நிறுத்தத்தில் நின்று பார்த்தேன். சாலையைக் கடந்தால் போதும்... சங்கு ஊதியதும் பின்பக்க வாசல் வழியாக வேலைக்குப் போய்விட்டேன்.

அன்றே நால்வரையும் நிறுத்திவிட்டார்கள். குழுவில் இருந்த போட்டோக்கள் ஆபீஸ் மேசையில் கிடந்தனவாம். எங்கள் எழுத்தைப் படித்துச் சொல்ல அங்கேயும் ஒரு தமிழர் இருந்திருக்கிறார். புலி யார் என்று கேட்டதற்குத் தெரியாது என்று சொல்லிவிட்டான் செல்வம்.

மாலையில் அறைக்கு வந்தவன் என்னைத்தான் தேற்றினான். "உங்கள உள்ளயே பிடிச்சு வச்சுட்டாங்களாண்ணே?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

அடுத்த வருடம் எனக்கு வேலை நிரந்தரமானது. நீங்கள் படித்தது அந்தச் சம்பளத்தில்தான். இன்று நீங்களும் கல்லூரிப் பிரச்சினைக்கு இணையத்தில் ஆள் சேர்க்கிறீர்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன தகுதி? ஆனால், கூப்பிட்டால் போய் நில்லுங்கள். ஒருவர்தான் வந்தார் என்றாலும் அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

தீபாவளிக்குத் தீபாவளி செல்வம் போன் செய்கிறான். உங்கள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி விசாரிக்கிறான். இந்த முறையாவது சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன்... எல்லாரும் நல்லா இருக்காங்கடா என்று சொல்லிவிட்டு, போனை உங்கள் அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன்.