டயாலிசிஸ் வார்டில் எஸ்தர் வடிவின் பாட்டு

டயாலிசிஸ் டெக்னீசியன் வேலையில் கையைவிடக் காதுக்குத்தான் உழைப்பு அதிகம். ஒரு மெஷின் 'பீப்' என்றால் ரத்தம் போகும் குழாய் மடங்கியிருக்கிறது, இன்னொரு மாதிரி 'பீப்' என்றால் காற்றுக் குமிழி. பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பத்து வருஷமாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நான் நர்ஸ் இல்லை. ஆனாலும் எல்லாருக்கும் 'சிஸ்டர்'தான்.

வருகிறவர்கள் வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம், ஒரு கையை அசைக்காமல் படுத்திருக்க வேண்டும். அந்த நாலு மணி நேரத்துக்காக ஒரு சின்ன ஸ்பீக்கர் வாங்கினேன் என்றுதான் டாக்டரிடம் சொன்னேன். உண்மை அதுவல்ல. எஸ்தர் வடிவின் பாட்டை வீட்டில் போட்டால் என் வீட்டுக்காரர் எழுந்து வெளியே போய்விடுகிறார். ஒரே பாடகியைப் பிடித்துக்கொண்டு வீட்டில் ஏச்சு வாங்குகிறவரா நீங்கள்? அப்படியானால் என் கஷ்டம் உங்களுக்குப் புரியும்.

வலது கை

வடிவு பஞ்சு மில் இருக்கிற விக்கிரமசிங்கபுரத்துக்காரி. அவளுடைய முதல் ஆல்பம் 'பஞ்சுத் தூசி'. இருபது வயதில் பாடியது. மூச்சே விடாமல், ஓடுகிற பஸ்ஸில் தாவி ஏறுகிற மாதிரிப் பாடியிருப்பாள். அதைத்தான் முதலில் வார்டில் போட்டேன்.

மேலப்பாளையத்து ஆயிஷா பீவி அப்போது புதிது. முப்பது வருஷம் பீடி சுற்றியவர். இடது கையில் ஊசி. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு யாரிடமும் பேசமாட்டார். பாட்டு ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் அவருடைய வலது கையைப் பார்த்தேன். போர்வையின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துச் சுருட்டுவதும் விடுவதுமாக இருந்தது. பாட்டு வேகமெடுத்தால் விரலும் வேகமெடுத்தது. வலிக்கிறதோ என்று பயந்து பக்கத்தில் போனேன்.

கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "ஒண்ணுமில்ல மவளே. இந்தப் புள்ள பாடுத வேகத்துக்கு ஒரு நாளைக்கு ரெண்டு கட்டு கூடச் சுத்திரலாம் போல இருக்கு."

அவள் ஏன் அவ்வளவு மேலே பாடினாள்

இரண்டாவது ஆல்பம் 'மூணாம் சங்கு'. இதில் அவள் குரல் போகிற உயரத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் கழுத்து நிமிர்ந்துவிடும். இதற்கு மேல் போக முடியாது என்று நாம் நினைக்கிற இடத்தில் நின்று, அங்கிருந்து இன்னொரு படி ஏறுவாள். பெரிய பயிற்சி என்று ஒருத்தர் எழுதியிருந்தார். இயற்கையின் வரம் என்று இன்னொருத்தர். நானும் அதையெல்லாம் நம்பி வார்டில் பிரசங்கம் செய்துகொண்டிருந்தேன்.

வார்டுக்கு வருகிற சங்கரன் அண்ணாச்சி ஒரு நாள் கையைக் காட்டி நிறுத்தினார். மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், வடிவின் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தவர். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க எங்கள எங்க பேச விட்டிய?" என்றார். பிறகு சொன்னார். அவளுடைய அப்பாவுக்குச் சின்ன வயதில் வந்த காய்ச்சலில் காது போய்விட்டதாம். மில்லில் ஷிப்டுக்குச் சங்கு ஊதினால் மட்டும் தலையைத் தூக்கிப் பார்ப்பாராம்.

"அந்தச் சங்க விட மேல எடுத்தாத்தான் அப்பனுக்குக் கேக்கும்னு அந்தப் புள்ள நினைச்சிருக்கு. சாயங்காலம் வாசப்படியில அவன ஒக்கார வச்சு, மூஞ்சிக்கு நேரா நின்னு பாடுவா. அவன் சிரிச்சாம்னா நிப்பாட்டிருவா, சிரிக்கலேன்னா இன்னும் மேல ஏத்துவா. இதுதாம் சிஸ்டர் அவ படிச்ச சங்கீதம்."

பேசாமல் இருந்த இரண்டு வாரம்

அடுத்து அவள் சென்னைக்குப் போனாள். 'பளிங்கு மழை' வந்தது. நாற்பது வயலின், பின்னால் ஒரு கூட்டம் 'ஆ ஆ' என்று பாடுகிறது. வந்த அன்றைக்கே வார்டில் போட்டேன். நன்றாக இருக்கிறது என்று நானே சத்தமாகச் சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொல்லவேண்டியிருந்ததே, அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஜன்னலோரப் படுக்கை சாமுவேல் சாருக்கு. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கொயர் நடத்தியவர். ஒரு பாட்டிலும் அவர் வாயைத் திறக்கவில்லை. முடிந்ததும் "எப்படி இருக்கு சார்?" என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலில் எனக்கு வந்த கோபத்தில் இரண்டு வாரம் அவருடன் வேலையைத் தாண்டி ஒரு வார்த்தை பேசவில்லை. 'எடை எவ்வளவு, மூச்சு வாங்குதா', அவ்வளவுதான். மூன்றாவது வாரம், பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது அந்த ஆல்பத்தைத் திரும்பக் கேட்டேன். பக்கத்தில் இருக்கிற வண்ணார்பேட்டை தாண்டுவதற்குள் நிறுத்திவிட்டேன்.

சார் சொன்னது இவ்வளவுதான்: "பாட்டு இருக்கும்மா. ஆளத்தான் காணோம்."

ஸ்பீக்கரைத் தட்டியது

பிறகு ஒரு நாள் வடிவைப் பற்றி அந்தச் செய்தி வந்தது. கழுத்தில் கட்டி, ஆபரேஷன். கட்டி போய்விட்டது, ஆனால் மேல் குரலும் போய்விட்டது. இனிப் பாடமாட்டாள் என்றார்கள். நான் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள். தைராய்டு ஆபரேஷனில் குரல் நரம்பு எவ்வளவு பக்கத்தில் ஓடுகிறது என்று தெரியும். தெரிந்து என்ன? ஸ்டோர் ரூமில் சலைன் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். அவள் எனக்கு யார்? ஒரு தடவை நேரில் பார்த்ததுகூட இல்லை.

நாலைந்து வருஷம் சத்தமே இல்லை. திடீரென்று ஒரு காலையில் போனில் வந்து நின்றது புது ஆல்பம். பெயர் 'பைய'. மெதுவாக என்பதற்கு எங்கள் ஊரில் அதுதான் வார்த்தை. முன்னால் கேட்டுப் பார்க்கக்கூடப் பொறுமையில்லாமல் வார்டில் போட்டுவிட்டேன். முதலில் ஒரு மூச்சுச் சத்தம். அப்புறம் கீழேயிருந்து, கரகரத்த ஒரு குரல். ஸ்பீக்கர் கெட்டுப்போனது என்று நினைத்து இரண்டு தட்டுத் தட்டினேன். "தட்டாத மவளே, அது அவதான்" என்றார் ஆயிஷா பீவி.

அதில் 'பஞ்சுத் தூசி'யில் பாடிய பழைய பாட்டு ஒன்றைத் திரும்பப் பாடியிருந்தாள். முன்பு ஓடிய பாட்டு, இப்போது நடந்தது. அந்த உச்சி இடம் வரப்போகிறது என்று எல்லாருக்கும் தெரியும். எப்படிச் சமாளிக்கப் போகிறாள்? அந்த இடம் வந்தது. அவள் பாடவில்லை. வாத்தியமும் இல்லை. தாளத்தில் நாலு தட்டு நேரம் சும்மா விட்டுவிட்டு, அடுத்த வரியைக் கீழிருந்து எடுத்தாள். ஒளிக்கவில்லை, நடிக்கவில்லை. என்னிடம் இப்போது இது இல்லை என்று நம் முன்னால் கையை விரித்துக் காட்டுகிற மாதிரி இருந்தது. நாற்பது வயலின் செய்யமுடியாததை அந்தச் சும்மா இருந்த நேரம் செய்தது.

சாமுவேல் சார் கண்ணாடியைக் கழற்றிப் போர்வையில் துடைத்தார். "சிஸ்டர், இன்னொரு தடவ போடுங்க. அந்த மேல் ஸ்வரத்த அவ பாடவே இல்ல. எனக்குக் கேட்டுது."

முத்துலட்சுமி அக்காவின் கெண்டைக்கால்

போன வருஷம் புதிதாக ஓர் அம்மாவுக்கு அட்மிஷன் போட்டார்கள். கூட வந்த பெண் சாதாரணக் கைத்தறிச் சேலை கட்டியிருந்தாள். கழுத்தில் ஒரு மெல்லிய தழும்பு. "அம்மாவுக்கு ஊசின்னா பயம். கொஞ்ச நேரம் கூட இருக்கட்டுமா?" என்று கேட்டாள். அந்தக் கீழ்க்குரலைக் கேட்டதும் ஆள் யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் பாட்டு ஓடிக்கொண்டிருந்த ஸ்பீக்கரைப் போய் அணைத்தேன். எஸ்தர் வடிவின் அம்மா கையில் எஸ்தர் வடிவின் கண் முன்னால் நான் ஊசி போடவேண்டும். ஒரு நிமிஷம் கண்ணை மூடி நின்றுவிட்டு, ஒரே குத்தில் போட்டேன்.

அந்த அம்மா பேச்சுக்காரி. "பாட்ட ஏன் நிப்பாட்டிட்ட தாயி? போடு. இவ அப்பா போன பெறவு இவ வீட்டுல சத்தமா ஒரு வார்த்த பேசுததில்ல" என்றார். மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்த நேரம் அடுத்த படுக்கையில் சேரன்மகாதேவி முத்துலட்சுமி அக்கா அலறினார். டயாலிசிஸ் நடுவில் கெண்டைக்கால் இழுத்துக்கொள்வது உண்டு, உயிர் போகிற வலி. நான் ஓடிப்போய் சலைனைத் திறந்தேன். பாதத்தை மேல்நோக்கி அழுத்திப் பிடிக்க ஆள் வேண்டும். நான் கூப்பிடுவதற்கு முன்னால் வடிவு வந்து அந்தப் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். அக்கா கத்திக்கொண்டே இருந்தார். வடிவு குனிந்தபடியே தொண்டைக்குள் ஏதோ முனக ஆரம்பித்தாள். வார்த்தை இல்லை. ராகம்கூட இல்லை என்றுதான் முதலில் நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் அது 'மூணாம் சங்கு' பாட்டு என்று தெரிந்தது, சுருதி இரண்டு கட்டை கீழே. அவளுடைய நாலு ஆல்பத்தையும் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ஒரு வேற்று ஆளின் காலைப் பிடித்துக்கொண்டு அவள் பாடியதைப்போல நான் எங்கேயும் கேட்டதில்லை. பைய வலி இறங்கியது.

முத்துலட்சுமி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, காலைப் பிடித்திருப்பவளை ஏற இறங்கப் பார்த்தார். "நம்ம வடிவு பாட்டுத்தானே பாடுத? நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்கிடாத. அவ தொண்ட ஒனக்கு வராது தாயி."

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சிரித்துவிட்டாள். "ஆமாக்கா. எனக்கும் இப்ப வரமாட்டேங்கு."

பத்து வருஷம் ஒருத்தியின் நாலு ஆல்பத்தையும் கரைத்துக் குடித்து வார்டு முழுக்கப் பிரசங்கம் செய்த எனக்கு, அவள் கைக்கெட்டும் தூரத்தில் நின்ற அன்றைக்கு வாயிலிருந்து வந்த மொத்தப் பேச்சும் அவள் அம்மாவிடம் சொன்ன "கைய அசைக்காதீங்க" மட்டும்தான்.