பூரணம் அக்கா கொடுக்காத நிறம்

காலை 7.40. மட்டக்களப்பில் கல்முனை பஸ் ஏறினேன். செட்டிபாளையத்துக்கு முப்பது ரூபாய். தூரம் இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. போர் முடிந்து ஒரு வருடம், சுனாமியில் கடல் ஊருக்குள் வந்து ஆறாவது வருடம்.

"என்ன அலுவலா போறீங்க அண்ணன்?" என்றார் கண்டக்டர்.

ஓவியம் பார்க்க என்றேன். ஆள், மரம், வீடு ஒன்றுமில்லாமல் வெறும் நிறம் மட்டும் பூசிய படமாம் என்றும் சொன்னேன்.

"ஆளில்லாத வீட்டப் பாக்கிறதெண்டா ஜன்னலால பாருங்க. முப்பது ரூபா ரிக்கற்றுக்குள்ளயே அடக்கம்."

தென்னைகளுக்கு நடுவே சுவரில்லாத அத்திவாரங்கள் வரிசையாகக் கிடந்தன. சிரிக்கத் தொடங்கிய எனக்கு வாய் பாதியில் நின்றுவிட்டது.

8.35. வாவிப் பக்கத்துப் பொது மண்டபம். நடுவில், சட்டத்தில் இழுத்துக் கட்டிய பன்னிரண்டு அடித் துணி கயிற்றில் தொங்கியது. அதில் உள்ளங்கை அளவில் கட்டம் கட்டமாக நிறங்கள். வரைந்தவர் ரூபன், பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிப்பவர். கடலில் போனவர்களின் முகம் வரையத்தான் முதலில் வீடு வீடாகப் போனாராம்.

"போட்டோ கேட்டா கையை விரிச்சாங்க. அல்பத்தையும் கடல் கொண்டு போயிட்டு. ஆனா கடைசியா என்ன உடுத்திருந்தாங்க எண்டத ஒருத்தரும் மறக்கல்ல."

அந்த நிறங்களைத்தான் பூசியிருக்கிறார். போரில் போனவர்களுக்கும் அதே துணிதான்.

பத்து மணிக்குப் பூரணம் அக்கா வந்தார். மகளைக் கடலுக்குக் கொடுத்தவர். மகளின் கட்டத்தைக் கண்டதும் உதட்டைப் பிதுக்கினார்.

"இது காய் மாங்கா நிறம் மனே. அவள்ட சட்டை கொஞ்சம் பழுத்தது."

ரூபன் மஞ்சள் கலந்து பூசினார். அக்கா தலையாட்டினார். பிறகு பக்கத்துக் கட்டத்தைப் பார்த்தார். நீலம்.

"இது ஆருட?"

கூட வந்த அயல்வீட்டுக்காரி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "உங்கட மகன் கடைசியாப் போட்டிருந்த சேட்டு, அக்கா. நாந்தான் சொன்னன்."

போர்க்காலத்தில் ஒரு மாலை கடைக்குப் போன மகன் திரும்பவில்லை. கைப்பையில் இருந்ததால் கடலுக்குத் தப்பிய அவன் போட்டோவோடு அக்கா இன்றும் அலுவலகம் அலுவலகமாகப் போய் வருகிறார்.

"அவன் செத்ததெண்டு ஆரு சொன்ன?"

கத்தவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார். முகமில்லாத நிறம் துக்கத்தை மெதுவாகத் தொடும் என்று நினைத்து வந்தவன் நான். இங்கே உள்ளங்கை அளவு நீலம் ஒரு தாயின் முன்னால் பிள்ளையைக் கொன்றுவிட்டது.

ரூபன் பதறிப்போய் வெள்ளையைத் தொட்டார். அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வெள்ளை போட்டு மூடுறதா? அதுக்கு இதே பரவாயில்ல."

அந்தத் துணி மூன்று மாத வேலை. ரூபன் பிளேடு எடுத்து அந்தக் கட்டத்தை வெட்டி அக்காவின் கையில் கொடுத்தார். அவர் அதை மடித்துப் போட்டோவோடு பைக்குள் வைத்தார். துணியில் ஓட்டை. அதற்குள் வாவித் தண்ணீர் பளபளத்தது.

"பின்னால துணி வெச்சுத் தைக்கட்டா அக்கா?"

"வேணாம் மனே. அவன் வந்து இதால எட்டிப் பாக்கட்டும்."

அதன் பிறகு வந்த ஒவ்வொருவரும் எல்லா நிறங்களையும் தாண்டி அந்த ஓட்டையின் முன்னால்தான் நின்றார்கள்.

11.20. திரும்பும் பஸ். இருக்கையில் அமர்ந்ததும் நான் போட்டிருந்த சட்டையைக் குனிந்து பார்த்தேன். சாம்பல் நிறம். இன்று நான் என்ன நிறம் போட்டுப் போனேன் என்று வீட்டில் கேட்டால் யாராவது சரியாகச் சொல்வார்களா, தெரியவில்லை.