தூரக்கண்ணாடிக்கு ஒரு பொட்டு

கேமரா கடையில் வேலைக்கு நிற்பவருக்குக் கேமரா தெரிந்திருக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. வருகிறவர் வாயில் சொல்லும் பெயருக்கும் அவர் மனதில் இருக்கும் சாமானுக்கும் சம்பந்தமில்லை என்பது தெரிந்திருந்தால் போதும். கவுண்டருக்குப் பின்னால் நின்றுகொண்டு, "அதுதான் தங்கச்சி, இப்படி இருக்குமே" என்று விரலால் காற்றில் படம் போடுகிறவரைப் பார்த்து, புரிந்ததுபோல் தலையாட்டியவர்கள் உங்களில் நிச்சயம் இருப்பார்கள். நான் பட்டது அவர்களுக்குத்தான் புரியும்.

எழுபதுகளின் கடைசியில் மலேசியாவின் கூலிம் டவுனில் ஒரு சீனர் கடையில் சேர்ந்தேன். கேமரா, கைக்கடிகாரம், டார்ச் பேட்டரி, கண்ணாடி அலமாரியின் ஓரத்தில் நாலைந்து தூரக்கண்ணாடிகள். முதலாளியை நாங்கள் தவுக்கே என்போம். அவர் என்னை அமோய் என்பார், சீனத்தில் பெண்ணே என்று கூப்பிடுகிற மாதிரி. மேரி என்ற என் பெயர் கடைசிவரை அவர் வாயில் வரவே இல்லை.

பன்றி எழுந்து நின்றது

பாடாங் மேஹா பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவர் சூசை அண்ணன். அங்கே ரப்பரை அழித்து எண்ணெய்க்கான செம்பனை போட்ட புதிது. இளங்கன்றுகளின் குருத்தைக் காட்டுப்பன்றிகள் தோண்டித் தின்றுவிடும். அதனால் தோட்டத்திலேயே லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருந்த ஆறேழு பேர் ஒரு வேட்டைக் கூட்டமாக இருந்தார்கள். அவர்களுக்குத் தலைவர் பெருமாள். சூசை அண்ணனிடம் துப்பாக்கி இல்லை. மேட்டில் உட்கார்ந்து தூரக்கண்ணாடியில் பார்த்து, பன்றி எங்கே நிற்கிறது என்று சொல்வது அவர் வேலை. அவர் "போடு" என்று சொன்ன பிறகுதான் சுட வேண்டும். அது அந்தக் கூட்டத்தின் சட்டம்.

ஐம்பது வயதைத் தாண்டியதும் அவர் கை ஆட ஆரம்பித்தது. கை ஆடினால் கண்ணாடி ஆடும், கண்ணாடி ஆடினால் காடே ஆடும். ஒரு சாயங்காலம் கன்றுகளுக்கு நடுவே கறுப்பாக ஒன்று குந்தியிருந்ததைப் பார்த்து, "பன்னி!" என்றிருக்கிறார். பெருமாள் துப்பாக்கியைத் தூக்கிவிட்டார். நல்ல வேளை, "போடு" சொல்வதற்குள் பன்றி எழுந்து நின்று, கால்சட்டையை மேலே இழுத்து, கறுப்புக் குடையை மடக்கியது. தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணி! மரம் எண்ணிக்கொண்டிருந்தேன் என்று அவர் ஆபீசில் சொன்னாராம். குந்திக்கொண்டு எந்த மரத்தை எண்ணினார் என்று யாரும் கேட்கவில்லை.

அன்றோடு சூசை அண்ணனைக் கூட்டத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். கண்ணாடி ஆடாமல் நின்றால் கிறிஸ்துமஸ் வேட்டைக்கு வரலாம். இல்லாவிட்டால் கறி சமைக்கிற இடத்தில் வெங்காயம் உரிக்கலாம். இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கத்தான் பார்த்தார். ஆனால் கண் கலங்கிவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பன்னியச் சுட்டா பன்னிகூட மன்னிச்சிடும் தங்கச்சி, பெரிய கிராணி மன்னிக்கவே மாட்டாரு."

முக்காலி

கண்ணாடி ஆடாமல் இருக்க வேண்டுமானால் அதை ஒரு ஸ்டாண்டில் மாட்ட வேண்டும், மாட்டுவதற்கு நடுவே ஒரு அடாப்டர் வேண்டும் என்று விளக்கினேன். டிரைபாட் என்றால் புரியாதே என்று பெருமையாகத் தமிழில் சொன்னேன்: "மூணு கால் இருக்கும் அண்ணே, முக்காலி."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு, வெள்ளைச் சட்டையில், அடுப்படியில் உட்காரும் முக்காலியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடைக்குள் வந்தார். பெட்டிப் பலகையில் அடித்தது, ஒரு காலில் மஞ்சள் கறை. "காலு மூணும் நம்மகிட்டயே இருக்கு லா. மேல மாட்டுறத மட்டும் நீ குடு" என்றார். தவுக்கே ஒரு நிமிடம் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு பின்கட்டுக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தார். நான் அசல் டிரைபாடை எடுத்து விரித்துக் காட்டுவதற்குள் வாசலில் நின்ற அவர் மனைவி ஜெபமாலை அக்கா உள்ளே வந்து சொன்னார்: "நீ என்னத்த வேணா குடும்மா, அந்த முக்காலி சாயங்காலத்துக்குள்ள என் அடுப்படிக்கு வந்துடணும்."

பொட்டு

அடாப்டர் என்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. எல் எழுத்துபோல் வளைந்த ஒரு துண்டு. தூரக்கண்ணாடியின் இரண்டு குழாய்களுக்கும் நடுவே, முன்பக்கம், ஒரு சின்ன மூடி இருக்கும். அதைத் திருகி எடுத்தால் உள்ளே மரை இருக்கும். அந்த மரையில் இதன் மேல்நுனி, டிரைபாடில் இதன் கீழ்நுனி. சில கண்ணாடிகளில் மரையே இருக்காது என்பதால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.

சூசை அண்ணனின் கண்ணாடியில் மூடி இருந்தது. நான் விரலை வைத்ததும் மனிதர் அலறிவிட்டார். அது மூடி என்றே அவருக்குத் தெரியாது. இரண்டு கண், நடுவில் வட்டமாக ஒன்று என்றால் அது பொட்டுதானே? வாரத்துக்கு ஒருமுறை தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார். அந்த எண்ணெய் பிசினாகி மூடி உள்ளேயே இறுகிவிட்டது. தவுக்கே இடுக்கியை எடுத்து வந்தார். சூசை அண்ணன் கண்ணாடியை மார்போடு அணைத்துக்கொண்டார். கடைசியில் ஜெபமாலை அக்கா அதைப் பிடுங்கித் தவுக்கேயிடம் கொடுத்துவிட்டு, கழன்று வந்த மூடியை முந்தானையில் முடிந்துகொண்டார். முடிந்துகொண்டே சொன்னார்: "நான் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன், கண்ணாடிக்குப் பொட்டு போச்சுன்னு அழுவுறாரு பாரு!"

லைட்

மேட்டில் ஏற வேண்டும், அதனால் கனம் கூடாது என்பது சூசை அண்ணனின் ஒரே நிபந்தனை. "லைட்டான அடாப்டர்" என்று தவுக்கேயிடம் சொன்னேன். அவர் பினாங்கு மொத்தக் கடைக்கு போன் போட்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "அண்டிங்! லைட்! அடாப்டர்!" என்று கத்தினார். ஹண்டிங் அவர் வாயில் அண்டிங்தான், மற்றபடி மூன்று வார்த்தையும் சரி. பினாங்குக்காரன் மேல் நான் குற்றம் சொல்ல மாட்டேன்.

பார்சலில் வந்தது, வேட்டைக்காரர்கள் நெற்றியில் கட்டும் விளக்குக்குச் சார்ஜ் ஏற்றும் பெட்டி. நீளமாக ஒயர், நுனியில் பிளக். வேட்டைக்குப் போகிறவனுக்கு லைட் வேண்டாமா என்று தவுக்கே மலாயில் என்னையே திருப்பிக் கேட்டார். இனிமேல் லைட் என்று சொல்லாதே, ரிங்ஙான் என்று சொல், மலாயில் கனமில்லாததற்கு அதுதான் பேர் என்று பாடம் வேறு. சூசை அண்ணன் அந்த ஒயரை நுனிவரை இழுத்துப் பார்த்தார். கோபப்படுவார் என்று பயந்தேன். மனிதர் மிகுந்த மரியாதையோடு கேட்டார்: "ஏன் தங்கச்சி, கை ஆடுறதுக்கு கரண்டு வெக்கணும்னு சொல்றாங்களா?"

கண்ணாடி நின்றது

இதற்குள் தவுக்கேக்கு ரோஷம் வந்துவிட்டது. மேல் தட்டிலிருந்து தூசி தட்டி ஒரு பித்தளை அடாப்டரை இறக்கினார். கப்பலில் வைக்கிற ரகம். மாட்டினால் மலைபோல் நின்றது. கடை டிரைபாடையும் சேர்த்துக் கொடுத்து, ஒருநாள் தூக்கிப் பார்த்துவிட்டு வரச் சொன்னோம். மறுநாள் வந்து இரண்டையும் கவுண்டரில் வைத்துவிட்டு, ஒரு கோப்பை தண்ணீர் வாங்கிக் குடித்த பிறகுதான் அவருக்குப் பேச்சு வந்தது. "இப்ப கண்ணாடி ஆடல தங்கச்சி. நான்தான் ஆடுறேன்."

அக்காவின் முடிவு

அடுத்து வந்தது அலுமினியம். சார்டின் டப்பா மூடி கனம்கூட இல்லை. எதிர்க் காப்பிக்கடைப் பெயர்ப்பலகையைப் பார்க்கச் சொல்லிக் கண்ணாடியை ஒரு தட்டுத் தட்டினேன். எழுத்தெல்லாம் ஆடின, ஆடிக்கொண்டே இருந்தன. கையில் எடுத்துக் கனம் பார்த்தால் மட்டும் போதாது, மாட்டித் தட்டிப் பார்க்க வேண்டும் என்று அன்று எனக்கும் புத்தி வந்தது. பிறகு வேறொன்று வரவழைத்தோம். அதுவும் அலுமினியம்தான். ஆனால் வளைவில் ஒரு முட்டுக் கொடுத்திருந்தார்கள். தட்டினோம், எழுத்து ஒரு தரம் துள்ளிவிட்டு நின்றது. சூசை அண்ணன் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தார். முடித்துவிட்டு முதலிலிருந்து மறுபடியும் படித்தார்.

ஆனால் டிரைபாடை என்ன செய்வது? கனமானது மேடேறாது, லேசானது காற்றுக்கே ஆடும். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. அண்ணன் அடாப்டரைக் கையில் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். ஜெபமாலை அக்கா பெருமூச்சு விட்டுக் கடைக்கு வெளியே போய், சைக்கிள் கேரியரில் கட்டியிருந்த எதையோ அவிழ்த்துக் கொண்டுவந்தார். பார்த்தால், அதே முக்காலி. தவுக்கே இந்தத் தடவை சிரிக்கவில்லை. நடுவில் ஓட்டை போட்டு, அடியிலிருந்து ஒரு போல்ட்டால் அடாப்டரை முடுக்கினார். தூக்கினால் பூப்போல இருந்தது, தட்டினால் அசையவில்லை. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்: "எடுத்துக்கிட்டுப் போவட்டும். ஒத்திகை பாக்குறேன்னு இந்த மனுசன் வீட்டுல வெங்காயம் உரிக்கிறத இனிமே என்னால பாக்க முடியாது."

கிறிஸ்துமஸ் வேட்டை

நடந்ததைப் பெருமாள்தான் டார்ச் பேட்டரி வாங்க வந்தபோது சொன்னார். செம்பனை மேட்டில் படி படியாக வெட்டியிருப்பார்கள். மேல் படியில் முக்காலி, கீழ்ப் படியில் சூசை. துப்பாக்கிக்காரர்கள் முக்காலியைப் பார்த்துக் கேலி செய்தார்கள். அந்தி சாய்கிற நேரம், கன்றுகளுக்கு நடுவே கறுப்பாக ஒன்று அசைந்தது. "பன்னிதான்" என்றார் பெருமாள். "பன்னியேதான்" என்றார்கள் மற்றவர்கள். எல்லாத் துப்பாக்கியும் மேலே போய்விட்டது, "போடு" என்ற ஒரு வார்த்தைதான் பாக்கி. கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல் சூசை சொன்னாராம்: "இறக்குங்கடா. குடைக்கம்பி தெரியுது."

பெரிய கிராணி மறுபடியும் மரம் எண்ண வந்திருந்தார்.

பெருமாள் இதைச் சொல்லிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன மூடியை எடுத்துக் காட்டினார். தேங்காய் எண்ணெய் வாசனை. வேட்டைக்குப் போகும்போது கண்ணாடியின் பொட்டைப் பத்திரமாக வைத்திருப்பது இனிமேல் தலைவரின் பொறுப்பாம். அக்கா முந்தானையிலிருந்து அவிழ்த்து அவர் கையில் கொடுத்திருக்கிறார். பன்றி கிடைக்கவில்லையா என்று கேட்டேன். "இல்ல லா, கோழிதான் அடிச்சோம். கிராணி வீட்டு எழவுச் சோத்துக்கு அது எவ்வளவோ மேலு."

கடைசி வாடிக்கையாளர்

புது வருஷம் பிறந்து கொஞ்ச நாளில், இஸ்திரி போட்ட சட்டையில் ஒருவர் வந்து, கறுப்புக் குடையை மடக்கிக் கதவோரம் சாத்தினார். குடையைப் பார்த்ததுமே யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டேன். தோட்டத்துச் சூசைக்குக் கொடுத்த அடாப்டர் போலவே இன்னொன்று வேண்டும் என்றார். ஐயாவிடம் தூரக்கண்ணாடி இருக்கிறதா, எந்த ரகம் என்று கேட்டேன். தன்னிடம் கண்ணாடி கிடையாது, வேட்டைப் பழக்கமும் கிடையாது என்றார். பிறகு எதற்கு என்று நான் கேட்கவில்லை, முகம் கேட்டிருக்க வேண்டும். கடையில் வேறு யாரும் இல்லை என்று திரும்பிப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அவன்கிட்ட இருக்கிறது ஒடைஞ்சா ஒடனே மாத்திக் குடுக்கணும்மா. எனக்கு இன்னும் மரம் எண்ண வேண்டியிருக்கு."

ஆகவே, வேட்டைத் தூரக்கண்ணாடிக்கு லேசான அடாப்டர் தேடி அலையும் அன்பர்களே, கனம், மரை, முட்டு எல்லாம் பார்த்து நீங்கள் வாங்கலாம், ஆனால் அது நல்ல சாமானா என்று சர்டிபிகேட் கொடுக்க வேண்டியவர் எதிர்ப்பக்கம் குடையோடு குந்தியிருப்பவர்தான்.