மேற்குக் காற்றில் போன ஹார்ட்முட்

சாக்சனி மலையடிவாரத்தில் எங்கள் ஊர்த் தேவாலயம் கம்பீரமாக நிற்கிறது, உள்ளேதான் ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் தீலோ தொண்டை கிழியப் பேசினால் கேட்பதற்கு நாலைந்து கிழவிகள், ஒரு நாய். நாட்டை இரண்டாகப் பிரித்த சுவர் இருந்த காலத்து அரசாங்கம் கடவுளைத் துரத்திவிட்டது. சுவர் விழுந்ததும் அதுவரை கண்ணில் படாத வாழைப்பழம் வந்தது, புதுக்கார் வந்தது, கடவுள் மட்டும் வரவில்லை. யாரும் தேடவும் இல்லை. ஆனால் சாவு என்று ஒன்று வந்து தொலைக்கிறதே! பெட்டியையோ ஜாடியையோ சும்மா குழிக்குள் இறக்கிவிட்டு வீட்டுக்குப் போக முடியுமா? யாராவது நாலு வார்த்தை சொல்ல வேண்டாமா?

அதற்குத்தான் குட்ரூன் டீச்சர். பள்ளிக்கூடத்தில் ஆயுசு முழுக்க இயற்பியலும் வேதியியலும் நடத்தியவர். ஆதாரம் இல்லாமல் விடை எழுதினால், அது சரியான விடையாகவே இருந்தாலும், முட்டை மார்க். ஓய்வு பெற்ற பிறகு சாமியில்லாத சாவுகளுக்குப் பேசுவது அவர் வேலையாகிப்போனது. கறுப்புக் கோட்டு, ஆண்பிள்ளை மாதிரி வெட்டிய முடி, மைக் தேவைப்படாத குரல். தன் புருஷன் ரோல்ஃப் போனபோதும் அவரேதான் பேசினார். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. கல்நெஞ்சுக்காரி என்றது ஊர்.

பேச்சு எல்லாச் சாவுக்கும் ஒன்றுதான், பெயரை மட்டும் மாற்றுவார். "அணு அழிவதில்லை" என்று ஆரம்பம். நம் ரத்தத்திலுள்ள இரும்பு நட்சத்திரத்தில் வெந்தது என்பார். நட்சத்திரம் என்றதும் பட்டப்பகலில் மொத்தக் கூட்டமும் அண்ணாந்து பார்க்கும். கடைசியில், "தமக்கு முன்னே இந்த மண்ணுக்கு வந்தவர்களோடு இவர் அணு அணுவாகக் கலக்கிறார்" என்பார். "ஆமா, ஆமா" என்று கூட்டம் முணுமுணுக்கும். இதைப் போய்ப் பூசை என்று யாராவது சொல்லிவிட்டால் டீச்சருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

தீலோ சும்மா இருப்பாரா? அடக்கம் முடிந்து சாவு வீட்டார் கேக்கு எங்கே வெட்டினாலும் அங்கே ஆஜராகும் மனுஷர்.

"என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டீங்களே டீச்சர்."

"நான் சொல்றது நிரூபிச்ச விஷயம், பாதிரியாரே."

"கேக்குறவங்கள்ல நிரூபணத்தை எவன் பார்த்தான்? டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு தலையாட்டுறான். எங்க தொழில்ல அதுக்கு ஒரு பேரு வச்சிருக்கோம்."

போன வசந்தத்தில் பஸ் டிரைவர் ஹார்ட்முட் செத்தான். பக்கத்து ஊரில் எரித்து, சாம்பல் ஜாடியைக் குடும்பக் குழியில் இறக்கினார்கள். அதே குழியில் அவனுடைய முதல் பெண்டாட்டி ரெனாட்டேயின் ஜாடி எப்போதோ மக்கிக் கிடக்கிறது. டீச்சர் வழக்கம்போல இருவரையும் அணு அணுவாகக் கலந்துவிட்டார். இரண்டாம் தாரம் இல்சேயின் முகம் சுருங்கியதை அவர் கவனிக்கவில்லை.

அடக்கம் முடிந்து, மதுக்கடைப் பின்னறையில் காப்பியும் கேக்கும். இல்சே வந்து கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

"டீச்சர், அந்தக் கலக்குறதுங்கிறது நெசமாவா?"

"நெசந்தான். ஏன்?"

"அவளோடயா? பாதிப் பக்கம் இழுத்துக்கிட்டுக் கெடந்த மனுசனுக்கு மூத்திரச் சட்டி தூக்குனவ நானு! செத்தும் சக்களத்தியோட போய்க் கலக்குறானா? எங்கே என் மண்வெட்டி? இப்பவே போயி ஜாடியைத் தோண்டிக்கிட்டு வந்துர்றேன். போலீஸு வந்தா வரட்டும்!"

சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள். விளையாட்டுக்குச் சொல்கிறவள் இல்லை இல்சே. டீச்சர் தீலோவைப் பார்த்தார். அவர் வாய் நிறையக் கேக்கு.

"எங்ககிட்ட இதுக்கு ரெடியா பதில் இருக்கு. மேல போயிட்டா புருசன் பொண்டாட்டிக் கணக்கே கெடையாது. உங்க பாடத்துல என்ன போட்டிருக்கு, டீச்சர்?"

டீச்சர் அவரை முறைத்துவிட்டு இல்சேயின் கையைப் பிடித்தார்.

"இல்சே, கேளு. ஜாடிக்குள்ள இருக்கிறது வெறும் எலும்புச் சாம்பல். சுண்ணாம்புன்னு வச்சுக்கோயேன்."

அழுகை நின்றது. "அப்ப ரெனாட்டேக்குச் சுண்ணாம்புதானா?"

"சுண்ணாம்பு மட்டுந்தான்."

"மிச்ச ஹார்ட்முட்?"

"உடம்புல இருந்த கரியெல்லாம் எரிக்கிறப்பவே புகைபோக்கி வழியாக் காத்துல போயிருச்சு. செடிகொடி அதைத்தான் உறிஞ்சி வளருது."

இல்சே மூக்கைச் சிந்தினாள். பக்கத்து ஊர் எங்களுக்கு மேற்கே. அவளுடைய காய்கறித் தோட்டம் இங்கே ரயில் பாதையோரம்.

"எரிச்ச அன்னைக்குக் காத்து எந்தப் பக்கம் அடிச்சுது, டீச்சர்?"

டீச்சருக்குத் தெரியாது. தெரியாது என்றால் தெரியாது என்று சொல்கிற பிறவி அவர். பின்னறையில் எல்லோரும் கேக்கை நிறுத்திவிட்டு அவர் வாயையே பார்த்தார்கள்.

"மேக்குக் காத்து. நேரா உன் தோட்டத்துக்கு."

"சத்தியமா?"

"சத்தியமா."

எதன்மேல் சத்தியம்? தனிம அட்டவணைமேலா? தீலோ தன் தட்டிலிருந்த கடைசித் துண்டு கேக்கை டீச்சர் பக்கம் நகர்த்திவைத்தார். வீட்டுக்குப் போனதும் டீச்சர் முதல் வேலையாகப் அன்றைய வானிலை விவரத்தைத் தேடிப் பார்த்தார். கிழக்குக் காற்று. ஹார்ட்முட் நேர் எதிர்த்திசையில் போயிருக்கிறான். தனக்குத்தானே முட்டை போட்டுக்கொண்டார் டீச்சர், அடுத்த இரண்டு சாவுக்கு உடம்பு சரியில்லை என்று போகவும் இல்லை.

ஜூனில் இல்சே ஒரு பையோடு டீச்சர் வீட்டுக்கு வந்து நின்றாள். உள்ளே நூக்கோல், கைக்குழந்தையின் தலை மாதிரி ஒவ்வொன்றும்.

"இந்த வருஷம் என்னமா வெளைஞ்சிருக்கு பாத்தீங்களா! உசுரோட இருந்தப்ப தோட்டத்துப் பக்கமே வரமாட்டான், சோம்பேறி. தனியாத் திங்க மனசு வரல, டீச்சர். நீங்களும் கூட ஒக்காந்து தின்னுங்க."

டீச்சர் தோல் சீவி, வட்டம் வட்டமாக நறுக்கி, உப்புத் தூவினார். மனசுக்குள் கணக்கு ஓடியது. பழக்கதோஷம். ஒரு மனுஷனின் கரி, உலகம் முழுக்கச் சுற்றுகிற காற்று, ஒரு வாய் நூக்கோல். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் ஒரு வாய்க்குக் கோடிக்கணக்கான அணுவாக ஹார்ட்முட் வந்தான். இரண்டாம் முறை போட்டும் அதே விடை. அதே கணக்குப்படி ரெனாட்டேயும் கோடிக்கணக்கில் இருந்தாள். அதைப் பற்றி டீச்சர் மூச்சு விடவில்லை.

இருவரும் மென்றார்கள். இல்சே கண்ணை மூடிக்கொண்டு மென்றாள்.

"எப்படி இருக்கு, டீச்சர்?"

டீச்சரின் புருஷன் ரோல்ஃபும் அதே புகைபோக்கி வழியாகப் போனவர்தான். இத்தனை வருஷத்தில் அவருக்காக அந்தக் கணக்கை டீச்சர் ஒருநாளும் போட்டுப் பார்த்ததில்லை. கண்ணிலிருந்து வழிந்ததைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு தட்டை நீட்டினார்.

"இன்னொரு துண்டு வை, இல்சே."