மைக்செட் முனிரத்தினம்

"கலையரசி, கேக்குதா?" என்று கேட்டுத்தான் முனிரத்தினம் மைக்கைச் சோதிப்பார். ஒன்று, இரண்டு என்று எண்ணுகிற வழக்கம் அவரிடம் இல்லை. பிள்ளையார்பாளையத்தில் எந்த மூலையில் மேடை போட்டாலும் வீட்டிலிருக்கும் மனைவிக்கு அவர் குரல் எட்ட வேண்டும். எட்டினால் கலையரசி ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். அது வந்த பிறகுதான் யாரும் மேடையேறலாம்.

முனிரத்தினம் ஊறிப்போன கட்சிக்காரர். வேட்டிக் கரை, சட்டைப் பையிலிருக்கும் பேனா எல்லாம் கட்சி நிறம். ஆனால் மைக்செட் எல்லாக் கட்சிக்கும் போகும். எதிர்த்தரப்புக் கூட்டமென்றால் மட்டும் லுங்கிக்கு மாறிவிடுவார்.

அந்தத் தரப்பின் கிளைச் செயலாளர் சிவபாலன், பட்டுத் தறிக்காரர். தினமும் டீக்கடையில் இருவருக்கும் வாய்ச்சண்டைதான். உன் கட்சிக்கு மனசாட்சியே இல்லை என்பார் ஒருவர்; நாட்டைக் கெடுத்ததே நீங்கள்தான் என்பார் மற்றவர். இருந்தும் சிவபாலன் வேறு மைக்செட்டைத் தேடியதில்லை.

போன தேர்தலில் சிவபாலன் ஒரு கூட்டம் போட்டார். வெளியூர்ப் பேச்சாளர் ஒருவர் முனிரத்தினத்தின் கட்சியைக் கிழிக்கத் தொடங்கிய நேரம் பார்த்து மைக் செத்தது. உயிர் வந்தது, மறுபடி செத்தது. கட்சிப் புத்தியைக் காட்டிவிட்டான் என்று கூட்டத்தில் குரல் கிளம்பியது. நாலைந்து பேர் ஆம்பிளிஃபயரை நோக்கிப் பாய்ந்தார்கள். சிவபாலன் குறுக்கே நின்றார்.

"அவன் கட்சி மோசந்தாம்பா. ஆனா ஒயர புடுங்கற ஆளு இல்ல அவன்."

சொல்லிவிட்டுத் திரும்பியவரின் கண்ணிலும் ஒரு சந்தேகம் ஓடியது. முனிரத்தினத்துக்கு அதுதான் சுருக்கென்று தைத்தது.

விறுவிறுவென்று மேடையேறினார். மைக்கின் அடியில் ஒயர் விட்டுப்போயிருந்தது. விரலால் அழுத்தினால் பேசியது, விட்டால் செத்தது. அவரிடமிருந்த இன்னொரு மைக் மாகறல் ஊரில் ஒரு கல்யாணத்தில் இருந்தது. வேறு வழியில்லை, ஸ்டாண்டிலிருந்து மைக்கைக் கழற்றி, ஒயரை அழுத்திப் பிடித்தபடி பேச்சாளரின் வாயருகே நீட்டிக்கொண்டு நின்றார்.

பேச்சாளர் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். தலைவர் முதல் தொண்டர் வரை ஒருவரும் தப்பவில்லை. முனிரத்தினத்தின் காது சிவந்தது. "பொய்யி, சுத்த பொய்யி" என்று முணுமுணுத்தார். மைக் அதையும் வாங்கிக் குழாய் ஸ்பீக்கர் வழியே தெரு முழுக்கக் கொட்டியது. கூட்டம் குலுங்கிச் சிரித்தது. சிவபாலன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். முனிரத்தினம் அதன் பிறகு உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார்.

பேச்சாளர் ஆறடி உயரம். சூடேறியதும் இடப்பக்கக் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிவிட்டார். குரல் மைக்கைவிட்டு நழுவியது. இருப்பதிலேயே கடுமையான வசை அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. முனிரத்தினம் குதிகாலை உயர்த்தி எக்கி, மைக்கை அவர் வாய்க்கு நேரே கொண்டுபோனார்.